நாற்பத்திரண்டு நிமிடச் சோதனை

அவருக்கு மூக்கர் என்று யார் பேர் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, எல்லோருக்கும் இருப்பது போலத்தான். ஆனால் பத்து கார் தள்ளி எவனாவது திருட்டுத்தனம் பண்ணினாலும் இங்கே இவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

கார் வேகச் சங்கத்துக்கு இருபது வருஷமாக அவர்தான் தலைமைச் சோதனைக்காரர். கைவிடப்பட்ட பழைய விமான நிலையத்தின் ஓடுபாதையில் வருஷத்துக்கு ஒருமுறை போட்டி நடக்கும். அவர் பானெட்டைத் திறந்து, குனிந்து, மோந்து பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டால்தான் எந்தக் காரும் கோட்டைத் தாண்டலாம். சங்கத்தின் விதிப்புத்தகம் நாற்பது பக்கம். மூக்கர் அதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். "காத்து வெளியிலேருந்து வரணும், பாட்டில்லேருந்து வரக் கூடாது."

இன்ஜினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சில மகானுபாவர்கள் சீட்டுக்கு அடியில் கேஸ் பாட்டிலை ஒளித்து வைத்து, இன்ஜினுக்குத் திருட்டுத்தனமாக ஊட்டிவிடுவார்கள். இன்னும் சிலர் ஏசி மெஷினைக் கொண்டுவந்து சொருகி, இன்ஜின் இழுக்கிற காற்றையே சில்லென்று ஆக்கிவிடுவார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், அதே மூச்சில் அதிகம் உள்ளே போகும், வண்டி பிய்த்துக்கொண்டு பறக்கும். இந்த இரண்டுக்குமே தடை. பிடிபட்டால் அந்தக் கார் இரண்டு வருஷத்துக்கு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

இப்படி ஊரார் காரை எல்லாம் மோந்து பார்த்த மனுஷனுக்கு இரண்டு மாசமாகச் சொந்த வீட்டிலேயே மூக்கில் வேர்த்துக்கொண்டிருந்தது. யார் மேல் சந்தேகம் என்கிறீர்கள்? மாப்பிள்ளை மேல்!

மாப்பிள்ளை லாரிப் பட்டறையில் மெக்கானிக். தங்கமான பையன்தான். ஆனால் ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தைதான் வரும், அதையும் நாம்தான் பிடுங்கி எடுக்க வேண்டும். அவரைக் கட்டிய மகள் ஏசி மெக்கானிக். கேஸ் சிலிண்டரும் செப்புக் குழாயுமாக வேன் ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள். இரண்டு பேரும் சேர்ந்து பதினாலு மாசமாக, வேலை முடிந்து வந்த பிறகு, பின்பக்க ஷெட்டில் ஒரு சின்னப் பழைய காரைப் போட்டிக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏசிக்காரியும் இன்ஜின்காரனும் ஒரே ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்வார்கள் என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டுமா என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மூக்கர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டி எப்படி இருக்கு?"

"இருக்கு மாமா."

"எவ்வளவு வேகம் போகும்?"

"போகும் மாமா."

"வண்டியோட முன்பக்க லைட் ஒண்ணைக் கழட்டிட்டீங்க போலிருக்கே. ஓட்டை தெரியுதே."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் தட்டைப் பார்த்தாள்.

"சொந்த வீட்டுல என்னங்க உளவு வேலை? பிள்ளைங்களை நிம்மதியா சாப்பிட விடுங்க" என்று மனைவி அதட்டினாள். மூக்கர் மென்று விழுங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நேராகக் கேட்டால்தான் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். கேட்டு, அவர்கள் சொல்லி, இவர் தெரிந்துகொண்டால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? மாமனார் சொல்லிக் கொடுத்தார், மாப்பிள்ளை ஜெயித்தார் என்று சொல்லும். இருபது வருஷம் யார் தயவும் பார்க்காமல் சேர்த்த பேர் அது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. கேட்டு, அவர்கள் பொய் சொன்னால்? மகள் முகத்தைப் பார்த்து அது பொய் என்று இவருக்குத் தெரிந்துபோனால்? அதைத் தாங்குகிற தெம்பு அவருக்கு இல்லை.

அதனால் கேட்காமல், அடுத்த நாள் அவர்கள் வேலைக்குப் போனதும் மாற்றுச் சாவியைப் போட்டு ஷெட்டைத் திறந்தார். உள்ளே கார் சாதுவாக நின்றது. பானெட்டைத் தூக்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். லைட் இருந்த ஓட்டையிலிருந்து தடிமனான ஒரு குழாய் உள்ளே வந்தது. அது போய்ச் சேருகிற இடத்தில் ஒரு பெட்டி. பெட்டி முழுக்க வெள்ளி மாதிரி மினுங்குகிற துணி சுற்றியிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று புறப்பட்டு டிரைவர் சீட்டுப் பக்கம் போயிற்று.

காற்றுப் பெட்டிக்கு எதற்கு ஒயர்? மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. வாசனை இருந்தால் என்னவென்று கண்டுபிடித்திருப்பார், இல்லாததுதான் அவர் சந்தேகத்தைக் கூட்டியது.

"என்னப்பா தேடுறீங்க?"

மகள்! எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

"ஸ்பேனரும்மா. பத்தாம் நம்பர் ஸ்பேனர்."

"அது உங்க கையிலேயே இருக்கே."

மூக்கர் கையைப் பார்த்தார். இருந்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைத்தார்.

"கேட்டா சொல்வேனே அப்பா" என்றாள் அவள்.

"நான் என்னத்தைக் கேக்கப்போறேன்? எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். போகிற போக்கில் வாசலில் நின்ற அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். எப்போதும் ஒரு கேஸ் சிலிண்டர்தான் இருக்கும். இன்றைக்கு இரண்டு இருந்தது. போச்சுடா!

போட்டி நாளும் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஓடுபாதையின் சிமெண்டுத் தரை அடுப்பு மாதிரி காய்ந்து கிடந்தது. கார்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் முறை வரும்போது நாலடி முன்னால் நகரும், மறுபடி நின்று உறுமும். ஒரே ஒரு கார் மட்டும் சத்தமே போடவில்லை. மாப்பிள்ளை ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் அதைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பானெட் திறந்திருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியைக் கூரை மாதிரி கட்டியிருந்தார்கள். பார்த்தவனெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னடா இது, பெட்ரோல் போட மறந்துட்டாரா உன் மாப்பிள்ளை?" என்று மூக்கர் முதுகில் ஒரு அறை விட்டார் தங்கப்பல்.

தங்கப்பல் யார் என்று சொல்ல வேண்டும். மூக்கரோடு ஒரே பெஞ்சில் படித்தவர், வாராவாரம் சீட்டாடும் கூட்டாளி. சின்ன இன்ஜின் கார்களின் சாதனை ஒன்பது வருஷமாக அவர் பேரில்தான் இருந்தது. மணிக்கு நூற்றி எண்பது கிலோமீட்டர். முறியடிக்கப் பார்த்தவர்கள் எல்லாம் நூற்றி எழுபத்தைந்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள். தங்கப்பல் வாயைத் திறந்தால் முதலில் தெரிவது பல், இரண்டாவது வருவது அந்த நூற்றி எண்பது.

மூக்கர் சிரிக்கவில்லை. ஏன் தள்ளுகிறார்கள்? ஸ்டார்ட் பண்ணினால் எதை நாம் கேட்டுவிடுவோம் என்று பயம்? அதுதான் அவர் மூளையில் ஓடியது. காலையில் செய்கிற வழக்கமான சோதனையில் ஒன்றும் அகப்படாததால் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சரியாக மூன்று மணிக்கு மாப்பிள்ளையின் கார் கிளம்பியது. வெள்ளைத் துணியைப் பிடுங்கி, பானெட்டைச் சாத்தி, சாவியைத் திருகி, உடனே ஓட்டம். அந்தச் சின்னக் காரிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பலகையில் எண் விழுந்தது.

நூற்றி எண்பத்தி நான்கு.

கூட்டம் கத்தியது. மகள் துள்ளிக் குதித்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தங்கப்பல் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சந்தோஷப்பட முடியாமல் நின்ற மூக்கரைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

சாதனை என்றால் ஒரு ஓட்டம் போதாது. அதே பாதையில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ஓட்டம் ஓட வேண்டும், முதல் ஓட்டம் ஆரம்பித்த ஒரு மணி நேரத்துக்குள். இரண்டின் சராசரிதான் கணக்கு. நடுவில் சோதனைக்காரர் விருப்பப்பட்டால் காரைப் பார்க்கலாம். வழக்கமாக மூக்கர் மூன்று நாலு நிமிஷம் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்.

பின்னாலிருந்து ஒரு குரல் காதில் விழுந்தது. யார் குரல் என்று தெரியவில்லை. "மாமனார் கையெழுத்துதானே, எண்பத்தி நாலு என்ன, இருநூறு கூடப் போகும்."

சுருக்கென்று தைத்தது. சரி, ஒருத்தனும் குறை சொல்ல முடியாத ஒரு சோதனையை இன்றைக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார் மூக்கர். தாளில் நேரம் எழுதினார், மூன்று பத்து.

"நிழல்ல நிறுத்தட்டுமா அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இங்கே நான் அப்பா இல்ல. சோதனைக் கட்டத்துல நிறுத்துங்க."

சோதனைக் கட்டம் மொட்டை வெயிலில் இருந்தது. மூக்கர் சீட்டைக் கழற்றினார். டிக்கியைக் குடைந்தார். சக்கரக் கவரைப் பிடுங்கினார். கண்ணாடியை நீட்டி அடிவயிற்றைப் பார்த்தார். பாட்டில் இல்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா? அது எங்கே தீரும், இன்னும்தான் வளர்ந்தது. இவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறார்களே!

"பானெட்டை மூடுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க மாப்பிள்ளை. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமனார் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கார் நின்ற இடத்திலேயே நிற்க, இன்ஜின் ஓடியது. மூக்கர் புகைக்குழாய்ப் பக்கம் மண்டியிட்டு மோந்தார், முன்னால் வந்து மோந்தார், மறுபடி பின்னால் போனார். திருட்டு கேஸ் இருந்தால் கொஞ்ச நேரத்தில் எங்காவது கசியும், வாசனை காட்டிக்கொடுக்கும், அது அவர் அனுபவம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி நேரம். ஒரு மண்ணும் வரவில்லை.

இன்ஜினை நிறுத்தச் சொன்னார். மகள் பாய்ந்து வந்து பானெட்டில் கை வைத்தாள்.

"கையை எடு! யாரும் தொடக் கூடாது."

"பானெட்டை மட்டும் திறந்து வைக்கிறேன்ப்பா. உள்ள சூடு ஏறிக்கிட்டே இருக்கு."

"ஓகோ. திறந்தா எதைக் கழட்டப்போறே?"

அவள் கையை எடுத்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை மூக்கர் பார்த்தார். குட்டு உடையப்போகிறது, அதுதான் அழுகை என்று நினைத்தார். பாருங்கள், சந்தேகம் பிடித்தவன் புத்தி எப்படி வேலை செய்கிறது என்று!

மூடின பானெட்டுக்கு ஒரு ஆளைக் காவல் வைத்துவிட்டு, மகள் ஓட்டி வந்திருந்த வேனைச் சோதிக்கப் போனார். இரண்டு சிலிண்டரையும் இறக்கி எடை போடச் சொன்னார். ஒன்று பாதி காலி, ரிப்பேர் வேலைக்குத் திறந்தது. இன்னொன்று முழு எடை, சீல்கூட உடைக்கவில்லை. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. நாலு மணிக்குள் ஓடியாக வேண்டும்.

ஓட்டக் கோட்டில் மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார்.

"மாமா, அறுபத்தி மூணு காட்டுது."

"எது அறுபத்தி மூணு?"

"காத்து. மொத ஓட்டத்துல முப்பத்தாறு டிகிரிதான். கொஞ்சம் ஆற விடணும் மாமா, இப்ப ஓடினா..."

மாப்பிள்ளை கல்யாணமான நாளிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அதுவே மூக்கருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. "வெயில் காத்து சூடாத்தான் இருக்கும் மாப்பிள்ளை. சாக்கு சொல்லாம ஓடிக் காட்டுங்க" என்று கொடியை அசைக்கச் சொல்லிவிட்டார்.

கார் ஓடியது. சத்தமே வேறு மாதிரி இருந்தது, இழுக்க முடியாமல் இழுத்தது. பலகையில் எண் விழுந்தது. நூற்றி எழுபத்தைந்து. சராசரி நூற்றி எழுபத்தொன்பதரை. அரை கிலோமீட்டரில் சாதனை போயிற்று.

கூட்டத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சோதனைக்கு முன்னால் எண்பத்தி நாலு, சோதனைக்குப் பின்னால் எழுபத்தைந்து. கை வைத்ததும் பயந்துபோய் எதையோ நிறுத்திவிட்டான், வேறென்ன? "மூக்கர்னா சும்மாவா" என்று நாலு பேர் கைகூடத் தட்டினார்கள். மூக்கருக்கு ஒரு பக்கம் தன் மூக்கு பொய் சொல்லவில்லை என்ற திருப்தி, இன்னொரு பக்கம் அகப்பட்டது சொந்த மகளாகப் போயிற்றே என்ற வேதனை. தாளில் 'சந்தேகம், முழுப் பிரிப்பு' என்று எழுதினார். அப்படி எழுதினால் காரைச் சங்கத்து ஷெட்டுக்குள் கொண்டுபோய் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்ற வேண்டும். ஏதாவது கிடைத்தால் இரண்டு வருஷத் தடை. பெண்டாட்டி புருஷன் இரண்டு பேருடைய பதினாலு மாச உழைப்பும் அதோடு குப்பை.

சங்கச் செயலாளர் பக்கத்தில் நிற்க, மூக்கர் தானே ஸ்பேனரைப் பிடித்தார். மகள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். மாப்பிள்ளை கீழே உட்கார்ந்துவிட்டார்.

மினுங்கும் துணியைப் பிரித்தார். அட்டைப் பலகையில் செய்த பெட்டி. பெட்டிக்குள் ஒன்றுமில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அதன் நுனியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு வெப்பமானி. மகள் வீடுகளில் ஏசி வாயில் சொருகிப் பார்ப்பாளே, அதேதான். இன்ஜினுக்கும் காற்றுக் குழாய்க்கும் நடுவில் சூட்டைக் கடத்தாத தடித்த வாஷர் ஒன்று இருந்தது. அதைக் கழற்ற உலோகக் குழாயில் கை வைத்தவர் "ஸ்ஸ்" என்று கையை உதறினார். விரல் பொத்துப்போகிற சூடு.

"இதெல்லாம் என்னம்மா?" என்றார்.

"இதைக் கேக்க உங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "இன்ஜின் பக்கத்துல இருக்கற காத்து எப்பவும் சூடு. அதையே அது இழுத்தா பலம் குறையும். அதனால லைட்டைக் கழட்டி வெளிக்காத்தைக் கொண்டுவந்தோம். வழியில சூடாகாம இருக்கத் துணி சுத்தினோம். வரிசையில நின்னு உறுமினா எல்லாமே சூடாயிடும்னு கையால தள்ளினோம். ஒண்ணையும் நாங்க குளிர வைக்கலப்பா. சூடாகாம பாத்துக்கிட்டோம், அவ்வளவுதான். விதியில இதுக்குத் தடை எங்கே இருக்கு?"

"ஒரு தடையும் இல்ல" என்றார் செயலாளர் இடையில் புகுந்து.

மூக்கர் தன் சோதனைத் தாளைப் புரட்டினார். எல்லாம் அவர் கையெழுத்துதான். முதல் கார் நாலு நிமிஷம். அடுத்தது மூன்று. அடுத்தது ஐந்து. அதற்கடுத்தது நாலு. மாப்பிள்ளை கார் நாற்பத்திரண்டு நிமிஷம். அதில் கால் மணி நேரம் பானெட்டை மூடி இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார். மீதி நேரம் மூடியபடியே வெயிலில் நிறுத்தியிருக்கிறார். இவர்கள் பதினாலு மாசமாக எந்தச் சூட்டை அண்டவிடாமல் காப்பாற்றினார்களோ, அதை இவர் ஒருவராகவே உள்ளே ஏற்றி அடைத்திருக்கிறார். வேகம் குறைந்ததற்குக் காரணம் தேடிக் காரைப் பிரித்துப் போட்டார், காரணமோ ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவருக்குக் காது இரண்டும் சுட்டது. வெட்கத்தில் அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனுஷன் ஒளியவில்லை. நேராக மைக்கைப் போய்ப் பிடித்தார். "கார் சுத்தம். ஒரு தப்பும் இல்ல. ரெண்டாவது ஓட்டத்துல வேகம் குறைஞ்சது என்னால. நான் அளவுக்கு மீறி நிறுத்தி வெச்சு வண்டியைச் சூடாக்கிட்டேன். என்னை மன்னிக்கணும்" என்றார். இன்னொரு ஓட்டம் தரச் சொல்லிச் செயலாளரிடம் கெஞ்சினார்.

"ஒரு மணி நேரம் தாண்டிடுச்சே. அந்த விதியை எழுதினதே நீங்கதானே" என்றார் செயலாளர். அவர் சொன்னது நியாயம்தான். தடை இல்லை, களங்கம் இல்லை, ஆனால் சாதனையும் இல்லை. நூற்றி எண்பது தங்கப்பல் பேரிலேயே நின்றது.

மூக்கர் மைக்கை வைத்துவிட்டுத் திரும்பியதும் தங்கப்பல் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"டேய், எனக்காக நீ இப்படி ஒரு காரியம் பண்ணுவேன்னு கனவுலகூட நினைக்கலடா. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"நான் என்னடா பண்ணேன்?"

"சரி, சரி. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று கண்ணடித்தார் அந்தப் பெரிய மனுஷன். "சொந்த மாப்பிள்ளைன்னு பாக்காம நண்பனுக்காக நின்னே பாரு, நீ மனுஷன்டா!"

"அடப்பாவி, உளறாதே" என்று மூக்கர் அவரைத் தள்ளிவிட்டுத் திரும்பினார். இரண்டடி தள்ளி, கழற்றிய காற்றுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"அவன் ஒரு கிறுக்கன்ம்மா. அவன் பேச்சை..."

"அவரை விடுங்க. பானெட்டை மூடி இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டா உள்ள என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியும்."

"அறுபத்தி மூணுன்னு இவர் காட்டினப்போ?"

"அப்ப... அப்ப எனக்கு அது தோணலைம்மா. பாட்டில் எங்கே, பாட்டில் எங்கேன்னுதான் ஓடிட்டிருந்தது. சத்தியமா தோணலை."

சொல்லும்போதே தன் குரல் அவர் காதில் விழுந்தது. இருபது வருஷமாக இந்தக் குரலை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். 'எனக்குத் தெரியாது சார், சத்தியமா கவனிக்கலை சார்.' அப்படிச் சொன்ன ஒருத்தனையும் அவர் நம்பியதில்லை. ஒவ்வொருத்தன் தாளிலும் சந்தேகம் என்றுதான் எழுதியிருக்கிறார். இப்போது எதைக் கழற்றிக் காட்டுவது? காரைப் பிரித்தால் உள்ளே இருப்பது தெரியும். மனுஷனை எந்த ஸ்பேனரால் பிரிப்பது?

"விடு. மாமா அப்படிச் செய்ய மாட்டாரு" என்றார் மாப்பிள்ளை. ஆனால் அதை மாமனார் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"செய்ய மாட்டாருன்னுதான் நானும் நினைக்கிறேன்" என்றாள் மகள். கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ஏதாவது அகப்படுமா என்று தேடுகிற பார்வை அது. எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. அதனால் அவளுக்கு நிம்மதி வந்ததாகவும் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள். வீட்டுக்குச் சாப்பிட வருகிறீர்களா என்று மூக்கர் கேட்டார். இன்றைக்கு வேண்டாம்ப்பா, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று திரும்பாமலே சொன்னாள்.

மனைவியை ஏற்றிக்கொண்டு மூக்கர் வீட்டுக்குக் கிளம்பினார். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. மனைவி டீ பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தி இரண்டு வருஷமாக அவரோடு குடித்தனம் பண்ணுகிறவள். அவர் தும்மினால் எதற்குத் தும்மினார் என்று சொல்கிறவள். அவள் ஒருத்தியாவது ஒன்றும் கேட்கவில்லையே என்று மூக்கருக்கு ஆறுதலாக இருந்தது.

சிக்னலில் கார் நின்றபோது அவள் அவர் பக்கம் சாய்ந்து, வேறு யாருமில்லாத காரில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னங்க, பிள்ளைங்ககிட்ட சொல்ல மாட்டேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்கிட்ட மட்டும் சொல்லுங்க. வேணும்னுதானே பண்ணீங்க?"

சத்தியம் பண்ணலாமா என்று மூக்கர் யோசித்தார். சத்தியம் பண்ணுகிறவனைத்தான் அவர் எப்போதும் இரண்டாவது தடவை சோதிப்பார்.

"இல்லடி" என்றார்.

"சரி" என்றாள் அவள். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.